கல்யாணக் கொப்பியும் பெரிய டீவியும்

“காக்கா, இந்தக் கல்யாணக் கொப்பிய ஃபோர்-கே ஆக்கித் தருவீங்களா?” பழைய வீடியோ கசெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. ஆக்கித் தருவதாகச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீஎச்எஸ் கசெட்டை ஒருவராலும் ஃபோர்-கே ஆக்க முடியாது. ஆனால் ஒழுங்காகச் செய்தால், ஐம்பத்தைந்து அங்குல டீவியில் குடும்பம் முழுக்க உட்கார்ந்து கண் கூசாமல் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவரலாம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் தெரியாமல் காசைக் கொடுத்தால், காசோடு கசெட்டும் போகலாம்.

சினிமாப் படங்களைப் புதுப்பிக்கிறார்களே என்று கேட்பீர்கள். 1977இல் டாரியோ அர்ஜெந்தோ எடுத்த ‘சஸ்பீரியா’ என்ற இத்தாலியப் பேய்ப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத் திரைக்கு எடுத்த அந்தப் படத்தை, இரண்டு ஓரமும் வெட்டுப்பட்ட மங்கலான வீடியோக் கொப்பியாகத்தான் ஒரு தலைமுறை பார்த்தது. 2017இல் சினாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதன் ஃபோர்-கே பதிப்பைக் கொண்டுவந்தபோது, கெட்டித் துணி போல ஒவ்வொரு சுவரின் சிவப்பும் திரையில் நின்றது. அவர்களுக்கு மூல 35 மில்லிமீற்றர் நெகட்டிவ் கிடைத்திருந்தது. படத்தின் ஒளிப்பதிவாளர் லூசியானோ தொவோலி நிறத்தை மேற்பார்வை செய்தார். அந்தப் படத்தில் முகங்கள் பச்சையாகவும் நீலமாகவும் தெரியும். வேண்டுமென்றே அப்படி ஒளி பாய்ச்சியிருந்தார்கள். விஷயம் தெரியாத ஒருவர் கணினியில் உட்கார்ந்து முகங்களுக்கு ‘இயற்கை நிறம்’ கொடுத்திருந்தால் படம் அன்றே செத்திருக்கும்.

நமது இலங்கைப் படங்களுக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ 2013இல் இத்தாலியின் போலோஞா நகரத்து ஆய்வகத்தில் மீட்கப்பட்டது. சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமாய்’ மும்பையிலுள்ள ஃபில்ம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனால் மீட்கப்பட்டு, 2025இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. இவையெல்லாம் படச்சுருளிலிருந்து வந்தவை. சுருளில் ஒளி பதிந்த நுணுக்கம் ஏராளம் கிடக்கிறது. நல்ல ஸ்கேனர் அதை வெளியே எடுக்கிறது. வீஎச்எஸ் நாடாவில் மேலிருந்து கீழே 576 கோடுகள். குறுக்கே பிரித்தறியக்கூடிய நுணுக்கம் ஏறக்குறைய 240தான். நிறத்துக்கு அதிலும் மிகக் குறைவு. இல்லாததை எந்த மென்பொருளும் எடுக்காது, கற்பனைதான் செய்யும்.

அந்தக் கற்பனைதான் இன்றைக்குப் பெரிய ஆபத்து. செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் நிக்காஹ் மஜ்லிஸைப் போட்டுப் பாருங்கள். முன்வரிசை முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழக்கும். பின்வரிசையில் இருபது புள்ளி உயரத்துக்கு மங்கலாகத் தெரிந்த முகங்களுக்குப் புதிதாகக் கண்ணும் மூக்கும் வரைந்துவிடும். அது உங்கள் மௌத்தாகிப்போன பெரிய வாப்பா அல்ல, யாரோ ஒருவர். புகைப்படமே அரிதாக இருந்த காலத்தில் அவரது ஒரே அசையும் படம் அந்தக் கசெட்டில்தான் இருக்கிறதென்றால், மங்கலான உண்மை முகமே எனக்குப் போதும் என்பேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். கசெட்டை டெக்கில் போடுவதற்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள். பக்க ஓரத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு முன்மூடியை மேலே தூக்கினால் நாடா தெரியும். கசங்கல், மடிப்பு இருக்கிறதா பாருங்கள். பிறகு ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். நல்ல நாடா கறுப்பாய், ஒரே மட்டமாய்ப் பளபளக்கும். சுருளின் விளிம்பில் மாவு தூவியதுபோல் வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சை. கடற்காற்றும் ஈரமும் ஓயாத கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கத்தில் அலுமாரிக்குள் கிடந்த கசெட்டுகளில் இது சாதாரணம். பூஞ்சைக் கசெட்டை ஒரு நிமிடம் ஓடவிட்டாலும் டெக்கின் ஹெட்டில் ஏறி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் தொற்றும். முகமூடி போட்டுக்கொண்டு தனியே எடுத்து வையுங்கள். அதைச் சுத்தம் செய்து பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

சுனாமித் தண்ணீர் ஏறிய கசெட்டுகள் இன்னொரு வகை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே ஆகக் கூடிய உயிர்ச்சேதம் அம்பாறை மாவட்டத்தில்தான். வீட்டோடு எல்லாம் போனவர்களும் உண்டு. சேற்றிலிருந்து பொறுக்கிக் காயவைத்த ஒன்றிரண்டு கசெட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்களும் உண்டு. அவற்றைத் தயவுசெய்து டெக்கில் போடாதீர்கள், முன்னும் பின்னும் சுற்றியும் பார்க்காதீர்கள். காய்ந்த உப்புப் பளிங்கும் மண்ணும் நாடாவின் காந்தப்பூச்சைச் சுரண்டிவிடும். சுரண்டியது திரும்ப வராது. ஐந்து திருகாணியைக் கழற்றிக் கூட்டைத் திறந்து, நாடாவைக் கையால் துடைத்து, வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றத் தெரிந்தவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை உலர்ந்த இடத்தில் நிறுத்தி வைப்பதே வைத்தியம்.

மாரி வெள்ளத்தில் புதிதாக நனைந்தால் முறை வேறு. ஓடவிடாமல், சேறு போகச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, கடைசியாகப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருமுறை அலசி, தாளின் மேல் நிறுத்தி மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயில் கூடாது. தலைமுடி உலர்த்தும் கருவி அறவே கூடாது.

டெக் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். கடைசியாக வீஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கட்டார், சவூதியிலிருந்து அந்தக் காலத்தில் கொண்டுவந்த டெக்குகள் நம்மூர் வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. ஆனால் உள்ளே றப்பர் பெல்ட் இளகியிருக்கும், உருளை இறுகியிருக்கும். வாங்கியதும் முக்கியமான கசெட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். வீசத் தயாரான ஒரு சினிமாக் கொப்பியை முழுதாக ஓடவிட்டு, கடிக்கிறதா என்று பாருங்கள். ஹெட் துடைக்கும்போது பஞ்சு வேண்டாம். அதன் இழை ஹெட்டில் சிக்கிப் பிய்த்துவிடும். பிளக்கைக் கழற்றி, சுத்த ஐசோபுரொபைல் ஆல்கஹோலில் நனைத்த மான்தோலை உருளையின் மேல் அசையாமல் வைத்து, உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துபோகும்.

சவூதியில் டீவியிலிருந்து பதிந்து அனுப்பிய கசெட் ஏதும் கறுப்பு வெள்ளையாய் ஓடினால் நிறம் அழிந்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். அங்கே அப்போதிருந்த ஒளிபரப்பு செக்காம் முறை, நம்முடையது பால் முறை. மீசெக்காம் என்று எழுதியிருக்கும் பல்முறை டெக்கில் போட்டால் நிறம் வரும்.

கணினிக்கு மாற்றும் கட்டம்தான் எல்லாவற்றிலும் பெரியது. இங்கே கெட்டதைப் பிறகு திருத்த முடியாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி குச்சிகள் நடுவே படங்களைத் தவறவிடும்; ஒரு மணி நேரம் போனதும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். டெக்குக்கும் கணினிக்கும் இடையில் நடுங்கும் கோடுகளை நேராக்கும் ஒரு கருவி அவசியம். ரீபீசி என்பார்கள். தனியாக வாங்க வசதியில்லாவிட்டால், பழைய பானசொனிக் டீவிடி ரெக்கோடர் சிலவற்றின் ஊடாகச் சிக்னலை விட்டாலும் பாதி வேலை நடக்கும். டெக்கில் எஸ்-வீடியோ வழி இருந்தால் மஞ்சள் வயரைத் தொடாதீர்கள். 720க்கு 576 அளவில், பின்னிய கோடுகளை அப்படியே வைத்து, இழப்பில்லாத ஹஃப்யூவ் அல்லது எஃப்எஃப்வீ1 முறையில் பதியுங்கள். மணிக்கு முப்பது ஜீபி அளவில் பிடிக்கும். ஹார்ட் டிஸ்க் விலையைப் பார்க்காதீர்கள்.

பதியும்போது மாப்பிள்ளையின் தொப்பியைக் கவனியுங்கள். அந்தக் கால வீடியோக்காரர்கள் ஆயிரம் வோட்ஸ் லைட்டை முகத்துக்கு நேரே பிடித்தார்கள். வெளிச்ச அளவு கூடிப்போனால் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். அளவைக் குறைத்தால் தொப்பியின் தையல் திரும்பத் தெரியும். தெரிந்தால் அளவு சரி. இதைப் பதிவதற்கு முன் செய்ய வேண்டும். திட்டாகப் பதிந்த வெள்ளைக்குள் பிறகு தையலைத் தேடிப் பயனில்லை.

ஒலியில் கரகரவென்று வந்தால் டெக்கை ஹை-ஃபையிலிருந்து நோர்மல் தடத்துக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் போய்விடும். இரைச்சலை முழுக்கத் துடைக்க வேண்டாம். குரவைச் சத்தமும் ரபான் ஒலியும் மென்பொருளின் காதுக்கு இரைச்சலாகத்தான் கேட்கும். அதோடு சேர்த்து அவற்றையும் துடைத்துவிடும்.

அந்த முதல் பதிவு உங்கள் நெகட்டிவ். அதைத் தொடக்கூடாது, அதன் பிரதியில்தான் வேலை. நாடாவில் நொடிக்கு ஐம்பது அரைப்படங்கள் இருக்கின்றன. கடைக்காரர்கள் அதை இருபத்தைந்து முழுப்படமாக்கி முடித்துவிடுகிறார்கள். பொல்லடி ஆட்டத்தில் கம்புகள் மோதும் இடத்தை நிறுத்திப் பாருங்கள்: கம்பின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் பிரிக்கவே இல்லை, ஓடவிடும்போது அசைவு விட்டு விட்டு வந்தால் பாதியை வீசிவிட்டார்கள். கியூடிஜீஎம்சீ என்ற இலவச முறை ஐம்பதையும் முழுப்படமாக்கும். பழைய கணினியில் இரவு முழுக்க ஓடும், ஓடட்டும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் பீடபிள்யூடிஃப் தெரிவும் பரவாயில்லை.

புள்ளிகளைத் துடைக்கும் அளவுக்கும் ஒரு சோதனை உண்டு. மணப்பெண்ணின் முக்காட்டு ஜரிகையைப் பாருங்கள். துடைப்பு கூடினால் ஜரிகை கலைந்து மஞ்சள் பட்டையாகும். அதற்கு முந்திய அளவில் நிறுத்துங்கள். படத்தின் கீழ் விளிம்பில் நெளியும் நாலைந்து கோடுகள் எல்லாக் கசெட்டிலும் இருக்கும், கறுப்பால் மூடினால் போதும். அகலத் திரையை நிரப்ப முகங்களைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். இரு பக்கமும் கறுப்பு விட்டு 1440க்கு 1080 ஆக்குங்கள். பூவிதழ் விரிய, இதயத்துக்குள் மாப்பிள்ளை தோன்ற வீடியோக்காரர் செய்த மிக்ஸிங்கையும் பின்னால் போட்ட சினிமாப் பாட்டையும் வெட்டச் சொல்லி இளையவர்கள் நச்சரிப்பார்கள். விட்டுவிடுங்கள். தொவோலியின் சிவப்பைப் போல அதுவும் அந்தக் காலத்து ஆள் வேண்டுமென்று செய்ததுதான்.

சிறிய கசெட்டான மினி-டீவீ உங்களிடம் இருந்தால் வேலை சுலபம். அதில் ஏற்கனவே டிஜிட்டலாகத்தான் பதிந்திருக்கிறது. ஐ-லிங்க் வயரால் அப்படியே இறக்குங்கள், மணிக்குப் பதின்மூன்று ஜீபி.

கடையில் கொடுப்பதென்றால் இரண்டு விஷயத்தை வாய்விட்டுப் பேசுங்கள். ஒன்று, சுருக்கிய எம்பீ4 மட்டும் வேண்டாம், முதல் பதிவும் வேண்டும் என்று சொல்லி ஹார்ட் டிஸ்க்கை நீங்களே கொண்டு போங்கள். முதல் பதிவா, அது எதற்கு என்று கேட்கும் கடையில் கசெட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றது, பெண்கள் பகுதியில் எடுத்த காட்சிகள். உள்வீட்டில் முக்காடில்லாமல் உட்கார்ந்திருந்த உம்மாவும் ராத்தாவும் அந்த வீடியோவைக் குடும்பம் பார்க்கும் என்றுதான் சம்மதித்தார்கள், கடைப் பையன்களும் முகநூலும் பார்க்கும் என்றல்ல. வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். கூடவே ஒருவர் இருந்து மாற்றி, கடைக் கணினியிலிருந்து அழித்த பிறகு வாருங்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கணினி பழக்கமென்றால் அந்தப் பிள்ளையிடமே இந்தப் பொறுப்பைக் கொடுப்பது இன்னும் நல்லது.

மாற்றி முடிந்ததும் கசெட்டை வீச வேண்டாம். நிறுத்தி, மூடியிறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம்.

எதில் தொடங்குவது? மௌத்தானவரின் முகமும் குரலும் இருக்கும் கசெட்டில். சினிமாக் கொப்பிகள் கடைசி. அதிலும் ஒரு விலக்கு உண்டு. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இந்த நாட்டுப் படங்கள் பலவற்றின் நெகட்டிவ்கள் சாம்பலாயின. உங்கள் பெட்டிக்குள் இலங்கைத் தமிழ்ப் படமோ, ரூபவாஹினியில் போன தமிழ் நாடகமோ, கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தை யாரோ எடுத்த கசெட்டோ இருந்தால், வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லாமல் இருக்கலாம். அதன் மேல் எதையும் பதியாதீர்கள், கடலைக்காரருக்கும் பழைய இரும்புக்காரருக்கும் போடாதீர்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை டிஜிட்டலாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்கோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள்.