தனிநபர் இணையதளங்களில் மீத்தரவுக் குறிகள்: நாஞ்சில் நாட்டுப் பதிவுகளை முன்வைத்து

திறவுச்சொற்கள்: நாஞ்சில் நாடு, தனிநபர் இணையதளம், மீத்தரவு, தேடுபொறி, ஒருங்குறி

முன்னுரை

நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகன் தம் வெண்முரசு நாவல் வரிசையை 2014 முதல் 2020 வரை இணையத்திலேயே முதலில் வெளியிட்டார். அத்தகைய பெயர்பெற்ற தளத்திற்கு வாசகர் நேரே செல்வர். ஊர் வரலாறு தொகுப்பவர், வில்லுப்பாட்டு ஏட்டைத் தட்டச்சு செய்து வெளியிடுபவர் போன்றோரின் தளங்களுக்கோ தேடுபொறியே வாயில். அவ்வாயிலைத் திறப்பதில் மீத்தரவுக் குறிகளின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மீத்தரவுக் குறி என்பது எச்.டி.எம்.எல். பக்கத்தின் தலைப்பகுதியில் அமைந்து, அப்பக்கத்தைப் பற்றிய செய்தியைக் கணினிக்குத் தெரிவிப்பது. வாசகர் கண்ணுக்கு அது புலப்படாது.

திறவுச்சொற் குறியின் வீழ்ச்சி

தளம் அமைப்போர் பலர் முதலில் நிரப்புவது திறவுச்சொற் குறியையே. 1990களின் தேடுபொறிகள் அதனைப் படித்துப் பயன்கொண்டன. பக்கத்திற்குத் தொடர்பற்ற சொற்களை அதில் திணிக்கும் வழக்கம் பெருகியதும் அதன் மதிப்புக் குன்றியது. தன் இணையத் தேடலின் தரவரிசையில் அக்குறியைக் கருதுவதில்லை என 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாக அறிவித்தது. ஆய்விதழில் நாம் தரும் திறவுச்சொற்களை மதிப்பீட்டாளர் ஒருவர் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். இணையப் பக்கத்திற்கு அத்தகைய மதிப்பீட்டாளர் இல்லை. ஆகவே அக்குறியில் ஐம்பது சொற்களை அடுக்குவது வீண் உழைப்பேயாகும்.

குறியேற்றம்

தமிழ்த் தளங்களைப் பொறுத்தவரை முதன்மையானது எழுத்துக் குறியேற்றத்தை அறிவிக்கும் குறியாகும். ஒருங்குறி பரவுமுன் திஸ்கி, டாப், டாம் முதலிய குறியேற்றங்களும் நிறுவனந்தோறும் வேறுபட்ட எழுத்துருக்களும் வழங்கின. அவற்றுள் தமிழெழுத்துகள் இலத்தீன் எழுத்துகளுக்குரிய இடங்களை எடுத்துக்கொண்டன. உரிய எழுத்துரு உள்ள கணினியில் வாசகர் தமிழைக் கண்டார். தேடுபொறியோ பொருளற்ற இலத்தீன் எழுத்துக் கோவையையே கண்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

பழைய பக்கமொன்றில் குறியை மட்டும் யு.டி.எஃப்-8 எனத் திருத்தினால் போதாது. உரை முழுவதையும் மாற்றியாதல் வேண்டும். அக்குறி பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இடம்பெற வேண்டும் என்பது எச்.டி.எம்.எல். தரநிலையின் விதி.

தலைப்பும் விவரிப்பும்

தலைப்பு, இலக்கணப்படி மீத்தரவுக் குறி அன்று, தனிக்குறி. எனினும் அட்டவணையாக்கத்தில் அதன் பங்கு பெரிது. 'எங்கள் ஊர்', 'முகப்பு' என்னும் தலைப்புகள் எதையும் சுட்டுவதில்லை. வெண்முரசின் இயல் தலைப்புகளில் வரிசையின் பெயர், நூலின் பெயர், இயலின் எண் மூன்றும் சேர்ந்திருப்பது நல்ல முன்மாதிரி.

விவரிப்புக் குறி கூகுளின் தரவரிசையை உயர்த்துவதில்லை. தேடல் முடிவில் தலைப்பின் கீழ்த் தோன்றும் சுருக்கமாக அது எடுத்தாளப்படலாம். பக்கத்தினின்றே வேறொரு பகுதியைத் தேடுபொறி தெரிந்தெடுப்பதும் உண்டு. பக்கந்தோறும் வெவ்வேறாக, உள்ளதை உள்ளபடி இரண்டு வரிகளில் எழுதுவதே தக்கது.

நாஞ்சில் நாட்டின் தனிச்சிக்கல் பெயர்களில் உள்ளது. திருவிதாங்கூர் ஆட்சியின் கீழ் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த நிலப்பகுதி இது. தமிழில் 'மருமக்கள்வழி' எனப்படுவது மலையாளத்தில் 'மருமக்கத்தாயம்'. கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம் குறித்து எழுதும் பக்கத்தில் இரண்டாம் சொல் இடம்பெறாவிடின், அச்சொல்லைக் கொண்டு தேடும் கேரள ஆய்வாளர் அதனைக் காணாமலே போகலாம்.

தோவாளை வட்டத்து ஔவையாரம்மன் வழிபாடு மற்றொரு சான்று. 'ஔ' என்னும் ஓரெழுத்தை 'ஒ', 'ள' என இரண்டாகத் தட்டச்சு செய்வோர் பலர். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றும் இரண்டும் கணினிக்கு வேறுவேறு சொற்கள். 'அவ்வையாரம்மன்' என்பது மூன்றாவது வடிவம். தேடுபொறி சிற்சில இடங்களில் ஊகித்து இணைத்தாலும் அதனையே நம்பியிருக்க இயலாது. இவ்வடிவங்களை மறைகுறியில் இட்டுப் பயனில்லை. தலைப்பில் சரியான வடிவத்தையும், உரையின் முதற்பத்தியில் 'அவ்வையாரம்மன் என்றும் வழங்குவர்' என்பது போன்ற தொடரால் பிற வழக்கையும் தருவதே வழி. உரையாசிரியர்கள் பாடவேறுபாடு காட்டும் முறைக்கு இது அயலானதன்று.

அட்டவணை மறுப்புக் குறி

வேர்ட்பிரஸ் போன்ற செயலிகளில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் தெரிவு ஒன்று உண்டு. தளம் உருவாகும் காலத்தில் அதனைத் தேர்ந்தெடுத்துவிட்டு நீக்க மறந்தால், பக்கத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டா என்னும் குறி ஒவ்வொரு பக்கத்திலும் தங்கிவிடும். ஏனைய யாவும் செம்மையாக இருப்பினும் தளம் தேடலில் தோன்றாது. வாசகர் வரவில்லை எனக் கருதும் தளத்தார் முதலில் நோக்க வேண்டிய இடம் இதுவே.