மண்கோட்டையும் மாதத் தவணையும்

மகாராஷ்டிரத்தில் தீபாவளி விடுமுறை தொடங்கியதும் சிறுவர்கள் வீட்டு வாசலில் மண்கோட்டை கட்டுவர். கல்லும் செங்கல்லும் அடுக்கி, நனைத்த சாக்கைப் போர்த்தி, சேறு பூசி, ராய்கட், பிரதாப்கட் போன்ற சிவாஜியின் கோட்டைகளின் சாயலில் எழுப்புவர். கடுகு தூவினால் சில நாள்களில் சரிவெங்கும் பசுமை படரும். உச்சியில் சிவாஜியின் மண்பொம்மை அமரும். அது அடுத்த ஆண்டுக்கும் உதவும். ஆயத்தக் கோட்டைகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆயினும், கை சேறாகாத கோட்டையில் பிள்ளைகளுக்கு என்ன சுவை?

இனி ஒரு கணக்கு. பிறந்தநாள் விருந்துக்காக 20,000 ரூபாயை ஆண்டுக்கு 14 விழுக்காடு வட்டியில் கடனாகப் பெற்று, 12 மாதங்களில் திருப்பினால், தவணை ஏறத்தாழ 1,796 ரூபாய்; வட்டி மட்டும் 1,550 ரூபாயை நெருங்கும். கடைசித் தவணை முடிகையில் அடுத்த பிறந்தநாள் வந்து நிற்கும். விருந்து வேண்டுமெனில், தொடர் வைப்பில் முன்கூட்டியே சேமிப்பவருக்கு வட்டி வரவாகிறது.

10 வயது நிறைந்த பிள்ளை, வங்கி வகுக்கும் வரம்புக்குள், தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க ரிசர்வ் வங்கி விதிகள் இடமளிக்கின்றன. கோட்டைக்கான பொம்மைக் காசை அக்கணக்கிலிருந்து பிள்ளையே எடுக்கட்டும்.