கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்க: விசாவும் வேலை அனுமதியும்

விழிஞ்ஞத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்வது புதிதன்று. அங்கு ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் பி.எட். பட்டதாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். விசா நாட்டினுள் நுழைவதற்கு. வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளியிடம் பணிபுரிவதற்கு. இரண்டையும் ஒன்றெனக் கருதிச் சுற்றுலா விசாவில் வகுப்பறைக்குள் நுழைபவர், ஊதியம் நிறுத்தப்பட்டாலும் முறையிட அஞ்சுவார்.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஆட்சேர்ப்பு முகவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. பத்தாம் வகுப்புத் தேறியோருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பது ஆசிரியருக்குச் சலுகையே. ஆயின் அச்சலுகையினாலேயே அவரது ஒப்பந்தம் குடிபெயர்வோர் பாதுகாவலரின் பார்வைக்கு வராமற் போகிறது. கூலித் தொழிலாளிக்குக் கிட்டும் இச்சோதனை பட்டதாரிக்கு இல்லை என்பது, என் கருத்தில், எண்ணிப் பார்க்க வேண்டிய முரண்பாடு.

தென் கொரியா ஆங்கில ஆசிரியர் விசாவை ஆங்கிலம் வழங்கும் ஏழு நாட்டினருக்கே அளித்துவந்தது. 2010 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார உடன்பாடு, ஆசிரியத் தகுதிச் சான்று பெற்ற இந்தியருக்கும் துணையாசிரியராக வழி திறந்தது.

எங்குச் செல்லினும் பட்டச் சான்றிதழ் சான்றொப்பம் பெறவேண்டும். ஹேக் உடன்பாட்டில் இந்தியா 2005இல் சேர்ந்தது. அதில் சேராத நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் தேவை. இதற்கான நோர்க்கா அலுவலகம் திருவனந்தபுரத்திலேயே உள்ளது.