ஓய்வுபெற்ற தம்பதியருக்குக் கனூ முகாம்: எந்த ஏரி, எந்த ஆறு?

கூடாரம், படுக்கை, சமையல் சாமான் எல்லாவற்றையும் ஒரு கனூ படகில் ஏற்றிக்கொண்டு, சாலை எட்டாத ஏரிக்கரைக்குத் துடுப்புப் போட்டுச் சென்று இரவு தங்குவதே கனூ முகாம். கனடாவிலும் அதை ஒட்டிய அமெரிக்க மாநிலங்களிலும் இது பலருக்கும் பழகிய பொழுதுபோக்கு. இன்று வரைபடத்தில் உள்ள பல வழிகள் அந்த மண்ணின் பூர்வகுடிகள் நூற்றாண்டுகளாகப் போய்வந்த நீர்வழிகள்தான். அறுபதைக் கடந்த கணவனும் மனைவியும் துணையாள் இல்லாமல் போகும்போது இடம் தேர்ந்தெடுக்கும் கணக்கு மாறிவிடுகிறது. இளவயதில் எந்த ஏரி அழகு என்று கேட்டுப் புறப்படலாம். ஓய்வுக்குப் பிறகு முதலில் கேட்க வேண்டியது, அங்கே போய்ச்சேரப் படகை எவ்வளவு தூரம் தூக்க வேண்டும் என்பது.

ஏரிக்கும் ஏரிக்கும் இடையே படகையும் மூட்டைகளையும் சுமந்து நடக்கும் பாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். இருவருக்கான சாமானை ஒரே நடையில் கடத்த முடிவது அரிது. முதல் சுமையோடு போய், வெறுங்கையோடு திரும்பி, மிச்சத்தோடு மறுபடி போக வேண்டும். ஆகவே வரைபடத்தில் 500 மீட்டர் என்றிருக்கும் போர்ட்டேஜ் காலுக்கு 1,500 மீட்டர். ஒரு நாளில் மொத்தம் 2 கிலோமீட்டர் போர்ட்டேஜ் இருந்தால் 6 கிலோமீட்டர் நடை. அதில் 4 கிலோமீட்டர் சுமையோடு, வேரும் பாறையும் சேறும் மாறி மாறி வரும் ஒற்றையடிப் பாதையில். புதிய இடத்துக்கு முதல்முறை போகும் தம்பதியர் ஒரு நாளைய போர்ட்டேஜை 500 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே முழங்கால் வலி இருந்தால், போர்ட்டேஜே இல்லாத ஏரியைத் தேடுவதில் குறை ஒன்றும் இல்லை.

படகின் எடையும் இந்தக் கணக்கில் சேரும். 17 அடி நீள அலுமினியக் கனூ 30 கிலோவுக்கு மேல் இருக்கும். கெவ்லார் இழையில் செய்தது 20 கிலோவை ஒட்டியே இருக்கும். கெவ்லாருக்கு வாடகை அதிகம். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது. தூக்கும் முறையிலும் வயதுக்கு ஏற்ற வழி உண்டு. படகைக் கவிழ்த்து வைத்து, பின்முனை தரையிலேயே ஊன்றியிருக்க, ஒருவர் முன்முனையை மட்டும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கிறார். மற்றவர் அந்தச் சரிவுக்கு அடியில் நடந்து போய், நடுவிலுள்ள நுகக்கட்டையைத் தோளில் வாங்குகிறார். தோளில் எடை சமமாக அமர்ந்ததும் பின்முனை தானாக மேலெழும். முதலாமவர் கையை விடலாம். குனிந்து முழுப் படகையும் இடுப்பு பலத்தால் தூக்கும் வேலையே இதில் இல்லை. இறக்கும்போதும் இதே முறைதான், தலைகீழ் வரிசையில்.

அடுத்தது காற்று. போர்ட்டேஜ் இல்லாத ஏரிகள் பெரும்பாலும் பெரியவை. பெரிய ஏரியில் பிற்பகல் காற்று எழுந்தால் அலை படகுக்குள் ஏறும். போர்ட்டேஜைத் தவிர்க்கப் போய்க் காற்றில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அதிகாலையில் துடுப்புப் போட்டு, மதியத்துக்குள் கரையேறி, கரையோரமாகவே போகும் பழக்கம் உள்ளவர்களுக்கே பெரிய ஏரி பொருந்தும். சரியான நாள் வரும்வரை காத்திருக்க ஓய்வுபெற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது. அவர்களுடைய பெரிய பலமும் அதுதான்.

இந்த அளவுகோல்களை வைத்துக்கொண்டு இடங்களைப் பார்க்கலாம். டொரன்டோவிலிருந்து வருபவர்களுக்கு, அதன் கிழக்குப் புறநகர்களில் வாழும் ஏராளமான தமிழ்க் குடும்பங்களுக்கும்தான், பக்கத்தில் உள்ளது கவார்த்தா ஹைலண்ட்ஸ் மாகாணப் பூங்கா. பீட்டர்பரோ நகருக்கு வடக்கே, இரண்டு இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் கனூ கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற பீட்டர்பரோவில்தான் கனடாவின் கனூ அருங்காட்சியகமும் இருக்கிறது. 2024-இல் ஏரிக்கரையில் புதிய கட்டடத்துக்கு மாறியது. கவார்த்தாவின் சிறப்பு முன்பதிவு முறை: எண்ணிட்ட ஒரு குறிப்பிட்ட முகாமிடத்தையே பதிவு செய்யலாம். சாயங்காலம் களைத்துப்போய் வரும்போது அந்த இடம் நமக்காகக் காலியாக இருக்கும். ஆன்ஸ்ட்ரூத்தர் போன்ற ஏரிகளில் போர்ட்டேஜ் இல்லாமலே முகாமிடத்தை அடையலாம். குறை என்னவென்றால், பூங்காவுக்குள்ளேயே தனியார் கோடை வீடுகளும் மோட்டார் படகுகளும் இருக்கின்றன. முழு அமைதி தேடுபவருக்கு இது போதாது. முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல இடம் சொல்வது கடினம்.

மாசசாகா பூங்காவிலும் முகாமிடத்தை எண்ணோடு பதிவு செய்யலாம். பாரி சவுண்டுக்குத் தெற்கே, ஜார்ஜியன் விரிகுடாவின் தீவுகளும் பாறைகளும் நிறைந்த கரை அது. உள்ளொடுங்கிய வளைகுடாக்களில் போர்ட்டேஜ் இல்லாமல் நாள்கணக்கில் சுற்றலாம். வெளிவிரிகுடாப் பக்கம் போனால் கடல் போன்ற அலை. அந்தப் பக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. பூங்காவுக்குப் பெயர் தந்த மாசசாகா கிலுகிலுப்பைப் பாம்பு விஷமுள்ளது, ஆனால் கூச்ச சுபாவம் கொண்டது. புதரில் வெறுங்காலோடு நடக்காமல் இருந்தால் போதும்.

1893-இல் உருவான அல்கொன்குவின் பூங்கா, 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து, இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஏரிகளைக் கொண்டது. ஆண்டுக்கு இரண்டு முறை போனாலும் ஓர் ஆயுளுக்குத் தீராது. அதனால் “அல்கொன்குவின் நல்லதா” என்ற கேள்விக்குப் பொருளில்லை. எந்த நுழைவிடம் என்றுதான் கேட்க வேண்டும். நெடுஞ்சாலை 60-ஐ ஒட்டிய கனூ ஏரி எல்லோருக்கும் தெரிந்தது. ஓவியர் டாம் தாம்சன் 1917-இல் இறந்தது இந்த ஏரியில்தான். இங்கிருந்து ஜோ ஏரிக்குப் போகும் போர்ட்டேஜ் சுமார் 300 மீட்டர், அகலமான நல்ல பாதை. கோடை வார இறுதிகளில் அங்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ராக் ஏரியிலிருந்து பென் ஏரிக்கு 375 மீட்டர். அந்த ஒரே ஒரு நடையில் நாள்பயணக் கூட்டம் குறைந்து காடு தொடங்கிவிடும். ஓய்வுபெற்ற தம்பதியருக்கு இந்தப் பூங்காவில் முதலில் பரிந்துரைக்கத் தக்கது இந்த வழியே. ஒபியோங்கோ, இந்தப் பூங்காவின் மிகப் பெரிய ஏரி. கனூவையும் சேர்த்து மோட்டார் படகில் ஏற்றி ஏரியின் மறுமுனையில் இறக்கிவிடும் தண்ணீர் டாக்ஸி அங்கே உண்டு. நாள் முழுக்கக் காற்றோடு போராடித் துடுப்புப் போடும் வேலையைக் காசு கொடுத்துத் தவிர்க்கலாம், தவிர்க்கவும் வேண்டும். கூட்டமே வேண்டாம் என்பவர்கள் கிழக்கு எல்லையில் உள்ள ஆக்ரே நுழைவிடத்தைப் பார்க்கலாம். கிராண்ட் ஏரியும், மிகச் சிறிய போர்ட்டேஜ் தாண்டி ஸ்ட்ராட்டன் ஏரியும் மணற்கரையும் பைன் மரமுமாக இருக்கும். ஒட்டாவா பக்கத்தினருக்கு அதுவே வசதியும்கூட.

அல்கொன்குவினில் பதிவு செய்வது ஏரியை மட்டும். முகாமிடம் முந்துபவருக்கு. மெதுவாகத் துடுப்புப் போடும் தம்பதியருக்கு இது பாதகம். காலையிலேயே புறப்பட்டு, மதியம் இரண்டு மணிக்குள் கரையேறினால் பாதகம் தீரும்.

அழகில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுவது கிலார்னி பூங்கா. வெள்ளைக் குவார்ட்சைட் பாறைக் குன்றுகளுக்கு நடுவே நீலம் தெளிந்த ஏரிகள். ஓவியர் ஏ. ஒய். ஜாக்சனும் ஒன்டாரியோ ஓவியர் சங்கத்தாரும் 1930-களில் போராடி, மரம்வெட்டுக்குப் பலியாக இருந்த ஒரு ஏரிக்கரையைக் காத்தனர். அந்தச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே இன்று அந்த ஏரியின் பெயர்: ஓ.எஸ்.ஏ. ஏரி. சட்பரி நகரின் உலோக உருக்கு உலைகளின் புகையால் பெய்த அமில மழை இங்கே பல ஏரிகளின் மீன்களை அழித்தது. அந்த அளவுக்கு மீறிய தெளிவுக்கு அதுவும் ஒரு காரணம். புகை கட்டுப்படுத்தப்பட்ட பிறகு ஏரிகள் மெல்ல மீண்டுவருகின்றன. ஜார்ஜ் ஏரியில் இறங்கி, ஏறக்குறைய 80 மீட்டர் தூக்கி ஃப்ரீலண்ட் ஏரி, பிறகு 400 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடந்து கிலார்னி ஏரி: இது வயதானவர்களாலும் முடியும். அதற்கப்பால் குன்றேறும் போர்ட்டேஜ்கள் கடுமையானவை. கிலார்னி ஏரியிலேயே மூன்று இரவு தங்கி, வெறும் படகில் பகலில் சுற்றிவருவதே சரி. டொரன்டோவிலிருந்து கார்ப் பயணம் ஐந்து மணி நேரத்தை நெருங்கும் என்பதால் முந்திய இரவு வழியில் தங்கிக்கொள்ளலாம்.

எல்லைக்கு அப்பால் மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ், எல்லைக்கு இப்பால் ஒன்டாரியோவின் க்வெடிகோ. இரண்டும் ஒட்டியிருக்கும் ஒரே ஏரிக்காடுதான் என்றாலும் தங்குபவருக்கு வேறுபாடு பெரிது. பவுண்டரி வாட்டர்ஸில் ஒவ்வொரு முகாமிடத்திலும் இரும்பு அடுப்புத் தட்டியும் கழிப்பிடமும் இருக்கும். க்வெடிகோவில் குறியிட்ட முகாமிடமும் இல்லை, போர்ட்டேஜுக்குப் பலகையும் இல்லை. வரைபடம் படிப்பதில் தேர்ந்தவர்களுக்கே க்வெடிகோ. பவுண்டரி வாட்டர்ஸில் போர்ட்டேஜை ‘ராட்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ராட் ஏறத்தாழ 5 மீட்டர். சாபில் ஏரியிலிருந்து ஆல்டன் ஏரிக்கு 30 ராட், அதாவது 150 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை நுழைவுக்கு ஒதுக்கீடு உண்டு. கனடாவிலிருந்து போகிறவர்கள் பயண மருத்துவக் காப்பீடு எடுக்காமல் போகக் கூடாது. மாகாணக் காப்பீடு அமெரிக்க மருத்துவமனைச் செலவில் சிறு பகுதியைத்தான் ஏற்கும்.

இன்னும் தொலைவில் இரண்டு இடங்கள் போர்ட்டேஜ் இல்லாமைக்காகவே குறிப்பிடத் தக்கவை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பௌரன் ஏரிச் சுற்று 116 கிலோமீட்டர். முழுச் சுற்றுக்கு நீண்ட போர்ட்டேஜ்கள் உண்டு. ஆனால் மேற்குப் பக்கமாக ஸ்பெக்டக்கிள் ஏரிகள் வரை போய்த் திரும்பினால் தூக்கும் வேலையே இல்லை. பனிமலைகள் மட்டும் அப்படியே தெரியும். யூட்டாவில் கிரீன் ஆற்றின் லாபிரிந்த் பள்ளத்தாக்கு இன்னொன்று. செம்மணற்கல் சுவர்களுக்கிடையே சுமார் 110 கிலோமீட்டர் அமைதியான ஓட்டம். கடும் நீர்வீச்சு எதுவும் இல்லை. ஆற்று நீர் வண்டல் கலந்தது. அதனால் குடிநீரை ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் கொண்டுபோக வேண்டும். எடுத்துச்செல்லும் கழிப்பெட்டியும் கட்டாயம். வடக்கு ஏரிகள் பனிக்கட்டியாக இருக்கும் ஏப்ரலில் இங்கே துடுப்புப் போடலாம் என்பது பெரிய ஆதாயம்.

பருவத்தைப் பற்றி ஒரு முடிவாகவே சொல்லலாம்: ஒன்டாரியோவுக்குச் செப்டம்பர். மே நடுவிலிருந்து ஜூன் வரை கருப்பு ஈக்கள், பிறகு கொசு. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம். செப்டம்பரில் பூச்சி ஓய்ந்து, நீர் இன்னும் உறைய வைக்கும் அளவுக்குக் குளிராமல், மாத இறுதியில் மேப்பிள் சிவக்கத் தொடங்கும். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்காத ஞாயிறு முதல் வியாழன் வரையிலான நாட்களே ஓய்வுபெற்றவர்களின் நாட்கள். மே மாதத்து நீர் வேறு கதை. வெயில் அடித்தாலும் பனி உருகிய நீர் நிமிடங்களில் கைகால்களை மரத்துப்போகச் செய்யும். மிதவை உடையை மடித்து இருக்கைக்கு அடியில் வைக்காமல், எந்த மாதத்திலும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இடம் முடிவாவதற்கு முன், அந்த ஊர்ப் படகு வாடகைக் கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். போர்ட்டேஜின் இரு முனைகளிலும் கரை எப்படி, பாறையா சேறா, ஏற்றம் எங்கே, இந்த ஆண்டு நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். கைபேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றும், திட்டமிட்டதைவிட இரண்டு நாள் கூடுதலாக மருந்தும் பையில் இருக்க வேண்டும். பயண வழியையும் திரும்பும் நாளையும் பிள்ளைகளில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களின் உட்காட்டு முகாம்களுக்கு ஐந்து மாதம் முன்பே பதிவு திறக்கிறது. செப்டம்பர் 10 அன்று பென் ஏரியில் தங்க நினைப்பவர்கள் ஏப்ரல் 10 காலையிலேயே பதிவு செய்துவிட வேண்டும்.