இடுப்பில் இருப்பதை முதலில் சொல்லுங்கள்

ஹூஸ்டனில் எமர்ஜென்சி நர்ஸாக வேலை பார்க்கிறேன். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். நெஞ்சுவலி என்று வருபவரிடமும் அது இருக்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடி வருபவரிடமும் இருக்கலாம்.

முன்பே தெரிந்த அப்பாயின்ட்மென்ட் என்றால் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். இந்த மாநிலச் சட்டத்தில் மருத்துவமனைக்கான தடை கட்டடத்துக்குத்தான், பார்க்கிங் அதில் சேராது. அதனால் பலர் வாசல்வரை வந்து, அங்குல உயர எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மாட்டியிருக்கும், துப்பாக்கியோடு நுழையக்கூடாது என்ற 30.06 அறிவிப்பைப் பார்த்த பிறகே காருக்குத் திரும்புகிறார்கள். குறுகலான சீட்டில் உட்கார்ந்தபடி துப்பாக்கியை உருவி டாஷ்போர்டுக்குள் திணிக்கிறார்கள். தவறிச் சுட்டுக்கொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. வேறு வழியே இல்லையென்றால் உறையோடு சேர்த்துக் கழற்றுங்கள், விசையில் விரல் படாது. சீட்டின் அடிச்சட்டத்தோடு இரும்பு வடத்தால் பிணைத்த பூட்டுப்பெட்டியில் வையுங்கள். கண்ணாடியை உடைத்து டாஷ்போர்டைத் துழாவுகிறவனுக்கு அது எளிதில் கிடைக்கக்கூடாது. முன்னாள் ராணுவத்தினருக்கான வி.ஏ. மருத்துவமனைகள் மத்திய அரசின் இடம். அங்கே பார்க்கிங்கிலும் துப்பாக்கி கூடாது.

என் கவலையெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வரும் நேரத்தைப் பற்றித்தான். ஸ்ட்ரெச்சரில் வருபவரின் உடுப்பைக் கத்தரியால் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டே போவோம். ஒருமுறை ஜீன்ஸின் இடுப்புப் பட்டை அருகே கத்தரி எதிலோ முட்டி நின்றது. பெல்ட் பக்கிள் என்று நினைத்து அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. விரலால் தடவிப் பார்த்த சக நர்ஸ் கையை அப்படியே எடுத்துவிட்டார், எல்லோரும் ஓரடி பின்வாங்கினோம். செக்யூரிட்டி வந்து அதை எடுக்கும்வரை ஊசிகூடப் போட முடியவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு அந்த நிமிடங்கள் எவ்வளவு பெரியவை!

ஆகவே நினைவிருக்கும்போதே சொல்லுங்கள். "வலது இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, குண்டு போட்டிருக்கிறது" என்றால் போதும். எடுத்துக் காட்ட வேண்டாம், கை அந்தப் பக்கமே போக வேண்டாம். யாரும் உங்களைக் குற்றவாளியாகப் பார்க்க மாட்டார்கள். செக்யூரிட்டியோ போலீஸோ வாங்கிக்கொண்டால் ரசீது கேளுங்கள். ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வருகிறதென்றால், கிளம்பும் முன்பே வீட்டார் அதை வாங்கிப் பூட்டிவிடட்டும். ரத்தத்தில் சர்க்கரை 40க்கு இறங்கியவர் கட்டிய மனைவியையே யாரென்று தெரியாமல் கையை ஓங்கலாம். அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கவே கூடாது.

எம்.ஆர்.ஐ. அறைக்கு நோயாளியோடு துணைக்குப் போகிறவர்களும் கேளுங்கள். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2023 ஜனவரியில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில், தாயை ஸ்கேனுக்கு அழைத்து வந்த ஒரு வழக்கறிஞர் இடுப்பில் துப்பாக்கி இருப்பதைச் சொல்லவில்லை. காந்தம் அதை இழுத்தது, வெடித்தது, குண்டு அவர் வயிற்றில் பாய்ந்தது. மறு மாதம் இறந்துபோனார். உலோகம் இருக்கிறதா என்று கேட்கும் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தப் படிவத்தை நீட்டும்போது நான் இப்போது "துப்பாக்கி?" என்று தனியாக ஒரு கேள்வி கேட்கிறேன்.

திரும்ப வாங்குவதிலும் அவசரம் வேண்டாம். மயக்க மருந்தோ கடுமையான வலி மருந்தோ உடம்பில் இருக்கும்போது கார் ஓட்டாதீர்கள் என்கிறோமே, துப்பாக்கிக்கும் அதுதான். தலை தெளிந்த பிறகு, ரசீதும் அடையாள அட்டையுமாக இன்னொரு நாள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மனம் உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்து வந்தவர் வீடு திரும்புகிறார் என்றால், அலமாரியில் இருக்கும் துப்பாக்கியை எங்கே மாற்றி வைப்பது என்று அவர் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே குடும்பத்தார் எங்களிடம் வந்து பேசுங்கள். இரவு எத்தனை மணியானாலும் நாங்கள் உட்கார்ந்து பேசுவோம்.