ஞானப்பல்லும் நாலு சேர்மானமும்

(இறுதியாண்டு மாணவன், கெமிக்கல் டெக்னாலஜி)



ஐந்தாவது செமஸ்டர் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்கு ஞானப்பல் முளைத்தது. ஞானம் வரவில்லை, வீக்கம்தான் வந்தது! பல் டாக்டர் ஊசி போட்டதும் நெஞ்சு தடதடவென்று அடித்தது. "பயப்படாதப்பா, அது அட்ரினலின் வேலை" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் புத்தகம் புரட்ட வைத்தது.

ஊசியில் இருப்பது 2 சதவீத லிக்னோகெயின். நரம்பில் சோடியம் அயனி நுழையும் வழியை இது அடைத்துவிடும். வலி மூளைக்குத் தெரியாது. ஆனால் ரத்தக் குழாயை விரிப்பதால், தனியாகப் போட்டால் சீக்கிரமே ரத்தத்தோடு போய்விடும். அதற்குத்தான் சேர்மானம்.

1. அட்ரினலின்: 1903-ல் ஜெர்மன் டாக்டர் ஹைன்ரிஷ் பிரவுன் கோகெயினோடு சேர்த்துக் காட்டியது. ரத்தக் குழாயைச் சுருக்கும். மரப்பு நீடிக்கும், ரத்தக் கசிவு குறையும். நம் நாட்டில் வழக்கமான அளவு 80,000-க்கு 1. அதாவது மி.லி.க்கு 12.5 மைக்ரோகிராம்தான். இதய நோயாளிக்கு இதிலும் கவனம் தேவை.

2. சோடியம் பைகார்பனேட்: அட்ரினலின் கெடாமலிருக்க மருந்தை அமிலமாக, பி.எச். 3.5 போல வைத்திருப்பார்கள். ஊசி சுரீர் என்பது அதனால்தான். லிக்னோகெயினின் பி.கே.ஏ. 7.9. நம்ம கெமிஸ்ட்ரி கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நரம்புக்குள் நுழையக்கூடிய, மின்னூட்டமில்லாத மூலக்கூறு பி.எச். 3.5-ல் 25,000-க்கு 1; 7.4-ல் கிட்டத்தட்ட நாலில் ஒன்று! போடும் நேரத்தில் கொஞ்சம் பைகார்பனேட் சேர்த்தால் எரிச்சல் குறையும், சீக்கிரம் மரக்கும்.

3. டெக்ஸாமெத்தசோன்: ஸ்டீராய்டு. 4 அல்லது 8 மி.கிராம் போட்டால் மறுநாள் முகம் வீங்குவதும், வாய் திறக்க முடியாமல் இறுகுவதும் குறையும். ஆனால் சர்க்கரையை ஏற்றும்.

4. டெக்ஸ்மெடிடோமிடின்: ஐ.சி.யு.வில் அமைதிப்படுத்தக் கொடுக்கும் மருந்து. மரப்பை நீட்டிக்கும்; நெஞ்சு படபடக்காது. மாறாக, நாடித்துடிப்பும் பிரஷரும் இறங்கலாம். கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

இதில் எது சிறந்தது? எனக்கு விடை அம்மாவிடம் கிடைத்தது. அடுத்த மாதமே அவருக்கும் ஞானப்பல் எடுக்க வேண்டி வந்தது. "சுகர் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க" என்றார் அம்மா. சொன்னால் பல் எடுக்க மாட்டார்கள் என்ற பயம்! நான் குறுக்கிட்டு, ஆறு வருஷமாக மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னேன். டாக்டர் எடுத்து வைத்த ஸ்டீராய்டை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெளியே வந்ததும் அம்மா என்னோடு பேசவில்லை. ரிசல்ட் வந்த பிறகுதான் பேசினார், சர்க்கரை 310.

எனக்கு நல்லது செய்யும் சேர்மானம் அம்மாவுக்கு ஆகாது. ஆகவே நண்பர்களே, சுகர், பிரஷர், ஆஸ்துமா, சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் நாற்காலியில் சாயுமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் மறைத்தால் நீங்கள் சொல்லுங்கள்!