பழைய மிதி ரம்பம் கற்றுத்தந்த பாடம்

கே.ஜி.கண்டிகையில் எங்கள் மாணவர்கள் சிலர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். மரம் அறுக்கும் கருவிக்கு இரு மொழியிலும் ரம்பம் என்றே பெயர். அதில் ஒரு பழைய வகை எட்டாம் வகுப்புக்கு நான்கு வாரச் செயல்திட்டமானது.

எடைக்குப் போட இருந்த அந்த இயந்திரத்தை ஓர் ஆசாரியிடம் பள்ளிக்காகக் கேட்டு வாங்கினேன். காலால் மிதித்தால் மெல்லிய அலகு மேலும் கீழும் ஓடி, பலகையில் வளைவான வடிவங்களை அறுக்கும். ஆங்கிலத்தில் ஸ்குரோல் சா என்பார்கள்.

அடையாளம் காணுதல்

மாணவர்கள் முதலில் கேட்டது உப்புத்தாளும் பெயின்டும். முதல் வாரம் இரண்டையும் தரவில்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டினால் அதன் தூசு குழந்தைகளுக்குக் கேடு. தவிர, யார் செய்தது, எப்போது செய்தது என்ற சான்றுகள் மேற்பரப்பில்தான் இருக்கும்.

ஈரத்துணியால் துடைத்து, வார்ப்பு எழுத்துகள் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தோம். இத்தகைய இயந்திரங்களை இங்கிலாந்தின் டெரெஹாமில் ஹாபீஸ் நிறுவனமும், அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் பார்ன்ஸ் நிறுவனமும் செய்தன. எங்கள் படியில் பெயர் தெளிவாக வரவில்லை.

அடுத்து மரையைப் பார்த்தோம். புதிய மெட்ரிக் நட்டு இரண்டு சுற்றில் இறுகி நின்றது. லேத் பட்டறையில் மரை அளவியை வைத்துப் பார்த்தபோது கோணம் 55 பாகை. அது ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த பிரிட்டிஷ் முறை. மெட்ரிக் மரைக்கு 60 பாகை.

"இந்தியாவில் மெட்ரிக் சட்டம் 1956இல் வந்தது. அப்படியானால் இது அதற்கு முந்தியதுதானே சார்?" என்றான் ஒருவன். "சட்டம் வந்த பிறகும் பழைய மரையிலேயே செய்திருக்கலாமே?" என்றாள் ஒரு மாணவி. விவாதத்தின் முடிவில் குறிப்பேட்டில் எழுதியது: "மரை பிரிட்டிஷ் முறை. ஆண்டு உறுதியில்லை." சான்று சொல்லும் அளவுக்கு மட்டுமே முடிவு சொல்ல வேண்டும் என்பதை அந்த இரண்டு வரிகளில் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

சீரமைத்தல்

ஒவ்வொரு பாகத்தையும் வரைந்து, எண் இட்ட பிறகே பிரித்தோம். இறுகிய போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். பெயின்ட் இல்லாத சிறு பாகங்களை ஓரிரவு வினிகரில் ஊறவைத்தோம். அமிலம் துருவைக் கரைத்தது. கழுவி உலர்த்தியதும் எண்ணெய் பூசினோம். தாமதித்தால் ஈரத்தில் மீண்டும் துரு ஏறும்.

கணக்குப் பாடமும் அதிலேயே இருந்தது. பெரிய சக்கரத்தின் விட்டம் 36 செ.மீ., சிறியது 6 செ.மீ. என்றால், பெரியது ஒருமுறை சுற்றும்போது அலகு எத்தனை முறை ஏறி இறங்கும்? ஆறு முறை.

அலகின் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கினால் பலகையைத் தூக்கிவிடும். அறுத்துக் காட்டியது ஆசாரிதான். மாணவர்கள் தள்ளி நின்று கவனித்தார்கள்.

ஆசிரிய நண்பர்களே, ரம்பம்தான் வேண்டும் என்பதில்லை. பழைய தையல் இயந்திரம், தராசு, சுவர்க்கடிகாரம் எதுவும் போதும். உப்புத்தாளை மட்டும் முதல் வாரம் பூட்டி வையுங்கள்.